அல்சர் வந்தால் சால்னாவை மட்டும் திட்டாதீர்கள்
“வயித்துப் புண்ணுன்னு சொன்னதுலருந்து மொளகாயத் தொடல தாயி. வலி மட்டும் நிக்கல” என்றார் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். மஞ்சப்பையைக் கவிழ்க்கச் சொன்னேன். மூட்டுவலிக்காக மெடிக்கலில் வாங்கிய ‘செட் மாத்திரை’ நாலு பொட்டலம் விழுந்தது.

தப்பு அவருடையது மட்டுமல்ல. “காரம் குறைங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிற எங்களைப் போன்ற நர்ஸுகளுக்கும் அதில் பங்குண்டு. காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். கிருமிதான் காரணம் என்று சொன்ன ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல், யாரும் நம்பாததால் 1984-ல் அந்தக் கிருமியையே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் அவருக்கும் அவரோடு ஆய்வு செய்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. நாம் இன்னும் பரோட்டா சால்னாவைத்தான் கூண்டில் நிறுத்துகிறோம்.

செட் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பல சமயம் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கும். “சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன்”, “ஊசிதான போட்டேன்” என்பதெல்லாம் காப்பாற்றாது. வயிற்றின் உள்சுவரைக் காக்கும் படலத்தை வலி மருந்து ரத்தத்தின் வழியாகவும் பலவீனமாக்கும். அதற்காக, இதே வகையைச் சேர்ந்த ஆஸ்பிரினை இதயத்துக்கு எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிருமிக்கான மாத்திரைகள் பொதுவாக 14 நாள். ஐந்தாம் நாள் வலி அடங்கும், வாயும் கசக்கும், அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். வாய் கசக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். கோர்ஸ் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். ‘கேஸ் மாத்திரை’யை எரியும்போது எடுத்துப் போடுவது இன்னொரு வழக்கம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் எல்லாம் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியவை.

பால் சற்று நேரம் இதமாக இருக்கும், பிறகு அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். ஜிகர்தண்டாவை மருந்தாக நினைப்பவர்களும் கவனிக்க. பீடி, சிகரெட் புண்ணை ஆற விடாது.

இந்த ஒன்றை எழுத்தில் கொடுத்தால் மட்டும் போதாது, நோயாளியையே வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்: தார் போலக் கறுப்பாக மலம் போனாலோ, ரத்தமாகவோ காப்பித்தூள் மாதிரியோ வாந்தி வந்தாலோ, திடீரென வயிறு பலகை போல இறுகி வலித்தாலோ, சோடா குடித்து விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதைச் சாப்பிடுகிறவர்களிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.)

அந்த அம்மா எல்லாவற்றையும் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார். பிறகு, “அப்ப மூட்டுவலிக்கு என்ன தாயி பண்றது?” என்றார். மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாராசிட்டமாலும், எலும்பு டாக்டரைப் பார்க்க ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.