மலைநாட்டுத் தேயிலையில் ஐஸ் டீ: கோடைக்கு ஒரு செய்முறை விளக்கம்

நம்முடைய வீடுகளில் தேநீர் என்றால் சூடாகக் குடிப்பது என்றே பழகிவிட்டோம். அடுப்பிலிருந்து இறக்கிய சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பது நுவரெலியாவின் குளிருக்குப் பொருந்தும். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கண்டியிலும் மாத்தளையிலும், கச்சான் வீசும் காலத்தில் பதுளை, பசறைப் பக்கங்களிலும் வெயில் ஏறும்போது, அதே தேயிலையைக் குளிரக் குளிரக் குடிப்பதில் தனிச் சுகம் இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கோ ஆண்டு முழுவதும் கோடைதான். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதல் உலகமெங்கும் போய்ச் சேர்ந்த நம் மலைத் தேயிலையை விட்டுவிட்டு, சீனி மிகுந்த போத்தல் பானங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு கேத்தல், ஒரு வடிகட்டி, கொஞ்சம் ஐஸ் கட்டி இருந்தால் வீட்டிலேயே நல்ல ஐஸ் டீ தயாரித்துவிடலாம்.

தூளைத் தேர்ந்தெடுத்தல்

தொழிற்சாலையில் உலர்த்திய தேயிலையைச் சலித்துப் பிரிக்கும்போது பெரிய துணிக்கையிலிருந்து சிறியது வரை ஓ.பி. (ஒரேஞ்ச் பீக்கோ), பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ), பி.ஓ.பி.எஃப். (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ ஃபனிங்ஸ்), டஸ்ட் என்று பல தரங்கள் கிடைக்கின்றன. இவை பெரும்பாலும் இலைத் துணிக்கையின் அளவைக் குறிப்பவையே தவிர, சுவைக்கு இடப்பட்ட மதிப்பெண்கள் அல்ல. துணிக்கை சிறிதாக ஆக, சாயம் விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். நம் சமையலறைகளில் பெரும்பாலும் இருக்கும் டஸ்ட், பால் தேநீருக்கு அருமையானது; ஐஸ் டீக்கு அது சற்றுக் கடுப்பானது. ஆகவே முதன்முறை செய்பவர்கள் பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எஃப். தூளை எடுத்துக்கொள்வது நல்லது. டஸ்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே பயன்படுத்தலாம். ஊறும் நேரத்தை இரண்டு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

எந்தப் பக்கத்துத் தேயிலை என்பதும் கவனிக்கத்தக்கது. அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய டிம்புள்ளைப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரையும், பதுளைப் பக்கத்து ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் வறண்ட காற்று வீசும் வேளையில்தான் கொழுந்தில் மணம் உச்சத்தை எட்டுகிறது. வெயிலும் சிறந்த தேயிலையும் ஒரே பருவத்தில் நமக்குக் கிடைப்பது பெரும் வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன். ஊவாத் தேயிலையில் மெத்தில் சாலிசிலேட் என்னும் மணப்பொருள் தூக்கலாக இருக்கும். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் நாம் முகரும் அந்தக் குளிர்ந்த வாசனை இதனுடையதே. குளிர்பானத்துக்கு இதைவிடப் பொருத்தமான தேயிலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

தண்ணீர்

பீலித் தண்ணீராக இருந்தாலும் குழாய்த் தண்ணீராக இருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். ஐஸ் கட்டியும் கொதித்து ஆறிய நீரில் உறைய வைத்ததாக இருக்க வேண்டும். தேநீரை மட்டும் கொதிக்க வைத்துவிட்டுக் கொதிக்காத நீரின் ஐஸைப் போட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

உயரமான இடங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அங்கே ஊற வைக்கும் பாத்திரத்தை முதலில் சுடுநீரால் அலசிச் சூடாக்கிக்கொண்டு, கீழே சொல்லப்படும் நேரத்தோடு ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டால் சாயம் சரியாக இறங்கும்.

முதல் முறை: தேசிக்காய் ஐஸ் டீ

ஒரு லீற்றர் ஐஸ் டீக்கு 10 கிராம் தேயிலை, அதாவது தேக்கரண்டியால் தலைதட்டி நான்கு அல்லது ஐந்து அளவு, அரை லீற்றர் தண்ணீர், அரை கிலோ ஐஸ், நான்கு தேக்கரண்டி சீனி, ஒரு தேசிக்காய் ஆகியவை போதும்.

முதலில், கொதித்த அரை லீற்றர் நீரைத் தேயிலையின் மேல் ஊற்றி மூடி வையுங்கள். பி.ஓ.பி.எஃப். என்றால் மூன்று நிமிடம், பி.ஓ.பி. என்றால் நான்கு நிமிடம் போதும். தூளை அடுப்பிலேயே போட்டுக் கொதிக்க விடக் கூடாது. அதனால் துவர்ப்பு ஏறி மணம் ஆவியாகப் போய்விடும்.

அடுத்து, வடிகட்டுங்கள். வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியக் கூடாது. கடைசிச் சொட்டில் வருவது கசப்புத்தான்.

மூன்றாவதாக, சூடு ஆறுவதற்குள் சீனியைப் போட்டுக் கரையுங்கள். குளிர்ந்த பிறகு போட்ட சீனி எளிதில் கரையாது, அடியிலேயே தங்கிவிடும்.

நான்காவதாக, ஐஸ் முழுவதையும் ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, சுடு சாயத்தை அதன் மேல் ஊற்றுங்கள். மெல்லிய கண்ணாடிக் குவளையில் இதைச் செய்தால் கண்ணாடி வெடித்துவிடக்கூடும். அரை லீற்றருக்கு அரை கிலோ ஐஸ் என்பது கண்மதிப்பாகச் சொன்ன அளவு அல்ல. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். ஆகவே 80 பாகைச் சூட்டிலுள்ள சாயத்தை முழுமையாகக் குளிர்விக்க ஏறத்தாழ அதே எடையுள்ள ஐஸ் உருகியாக வேண்டும். அது உருகி நீராகும்போது இரட்டைக் கடுமையாக ஊற வைத்த சாயம் சரியான பதத்துக்கு வந்துவிடும். சாதாரணத் தேநீரைப் போட்டு அதில் ஐஸைச் சேர்ப்பவர்களுக்குச் சப்பென்ற பானம் கிடைப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கை விட்டுவிடுவதே.

கடைசியாகத் தேசிக்காயைப் பிழியுங்கள். சாறு விழுந்த கணத்தில் கருஞ்சிவப்பாக இருந்த சாயம் வெளிறித் தேன் நிறமாவதைக் காணலாம். புளிப்பினால் தேயிலையின் நிறமிகள் மாறுவதே இதற்குக் காரணம். தேநீர் நீர்த்துப்போனதாக எண்ணிக் கூடுதலாகத் தூள் சேர்க்க வேண்டாம்.

கலங்கல் ஏன் வருகிறது?

புதிதாகச் செய்பவர்களைக் கலவரப்படுத்துவது இதுதான். கண்ணாடிபோல் இருந்த சாயம் குளிர்ந்ததும் பால் தெளித்தது போல் மங்கிவிடும். தேயிலையிலுள்ள கஃபீனும், கொழுந்து பதப்படும்போது உருவாகும் தியாஃபிளவின், தியாருபிஜின் என்னும் பொருள்களும் சூட்டில் கரைந்திருக்கும். குளிரும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்து திரிந்து நிற்கும். தேநீர் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தேநீர்ச் சுவைஞர்கள் இதை நல்ல தேயிலைக்கு அடையாளமாகவே கொள்கிறார்கள். சுவைக்கும் இதனால் குறைவில்லை. விருந்தினருக்குத் தெளிவாகக் கொடுக்க விரும்பினால் சிறிதளவு கொதிநீரை ஊற்றிக் கலக்கினால் பெருமளவு தெளிந்துவிடும். அடுத்த முறை தூளையோ ஊறும் நேரத்தையோ சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், இரண்டாவது முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாம் முறை: குளிர்நீரில் ஊற வைத்தல்

பொறுமை உள்ளவர்களுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் 10 கிராம் ஓ.பி. அல்லது பி.ஓ.பி. தேயிலையைப் போட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் எட்டு மணி நேரம் வைத்துவிட்டுக் காலையில் வடிகட்டுங்கள். குளிர்நீரில் கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குறைவாகவே இறங்குவதால் கசப்பு இராது. கலங்கலும் மிக அரிது. ஊவாத் தேயிலையோடு நான்கைந்து மிஞ்சி (புதினா) இலைகளைக் கசக்கிப் போட்டால் சீனியே தேவைப்படாது.

போத்தலை முற்றத்து வெயிலில் வைத்து ஊறப் போடும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. அதைப் பின்பற்ற வேண்டாம். வெயிலில் ஏறும் இளஞ்சூடு கிருமிகளைக் கொல்லாது. அவை பெருகுவதற்கே உதவும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீடுகளில், முதல் முறைப்படி கொதிநீரில் ஊற வைத்து, வடிகட்டி, மூடிய பாத்திரத்தை ஓடும் பீலித் தண்ணீரில் நிறுத்திக் குளிர்வித்து, சில மணி நேரத்துக்குள் குடித்துவிடலாம். இதற்கு ஐஸ் இல்லாததால் அரை லீற்றருக்குப் பதிலாக ஒரு லீற்றர் கொதிநீரை ஊற்ற வேண்டும்.

இஞ்சியும் கித்துளும்

இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணியைக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது நமக்குப் பழகிய சுவை. கட்டைவிரல் அளவு இஞ்சியை நசுக்கித் தேயிலையோடு சேர்த்து ஊற வைத்து, சீனிக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணியை ஊற்றினால், அதே சுவை குளிர்ந்த வடிவில் கிடைக்கும். பாணி திரவமாக இருப்பதால் குளிர்ந்த தேநீரிலும் கலந்துவிடும். கொடித்தோடம்பழம் கிடைக்கும் காலத்தில் ஒரு பழத்தின் சதையைத் தேசிக்காய்க்குப் பதிலாகச் சேர்க்கலாம். டஸ்டில் கடுஞ்சாயம் எடுத்து, டின் பால் கலந்து, ஐஸின் மேல் ஊற்றினால் பிள்ளைகள் விரும்பும் பால் ஐஸ் டீ ஆகும். அதில் தேசிக்காய் மட்டும் விழக் கூடாது, பால் திரிந்துவிடும்.

உடலுக்கு என்ன நன்மை?

தேநீர் நோய்களைக் குணமாக்கும் மருந்து என்று நான் எழுத மாட்டேன். வெயிலில் இழந்த நீரை ஈடுசெய்ய அது உதவும். அளவோடு குடிக்கும்போது கஃபீன் உடலை வறட்சியாக்கிவிடுவதில்லை. பொலிபீனோல்கள் என்னும் ஒட்சியேற்றத் தடுப்பிகளும் தேநீரில் உண்டு. எனினும், சோடாவுக்கும் போத்தல் பானங்களுக்கும் பதிலாக ஐஸ் டீ குடிப்பவருக்குக் கிடைக்கும் முதன்மையான நன்மை சீனி குறைவதே. ஒரு நாளில் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள்ளும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேலே சொன்ன ஒரு லீற்றரை நான்கு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் சீனியே சேரும். நீரிழிவு உள்ளவர்கள் அதையும் விட்டுவிடலாம்.

தோட்டத்துப் பெண்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். கீரை, பருப்பு முதலிய உணவுகளிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேநீர் தடுக்கிறது. இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சோற்றோடு தேநீர் குடிப்பதை நிறுத்தி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி விட வேண்டும். தேசிக்காயின் உயிர்ச்சத்து சி இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும் என்பதால் அதைச் சோற்றுக் கறியிலேயே பிழிந்துகொள்வது நல்லது. ஒரு கோப்பைத் தேநீரில் பொதுவாக 40 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும்; கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தூக்கம் வராமல் தவிப்பவர்கள் மாலைக்குப் பிறகு ஐஸ் டீயைத் தவிர்க்கலாம்.

சேமித்து வைத்தல்

வடிகட்டிய ஐஸ் டீயை மூடிய போத்தலில், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். பழச்சாற்றையும் மிஞ்சி இலையையும் குடிக்கும் நேரத்தில் சேர்த்தால் மணம் மாறாது. பால் சேர்த்ததை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். புளித்த வாடையோ, ஊற்றும்போது நூல் போன்ற இழைகளோ தெரிந்தால் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.