சொட்டுக் குழாயை நானே சரிசெய்தேன்

எவ்வளவு இறுக்கினாலும் சமையலறைப் பித்தளைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. இறுக்க இறுக்க உள்ளே வாஷர்தான் நசுங்கும் என்பது கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டேன். திறந்த நிலையிலேயே ஸ்பேனரால் மேல்பகுதியைக் கழற்றினால் சுலபமாக வருகிறது. அடியில் இருந்த ரப்பர் வாஷரில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அதையே கடைக்கு எடுத்துப்போய்க் காட்டி, அதே அளவில் வாங்கினேன். அரை அங்குலக் குழாய் என்று வாயால் சொல்வதைவிட இதுதான் நல்லது.

அப்புறம் முக்கியமான ஒன்று: வாஷர் உட்காரும் விளிம்பில் உப்பு படிந்திருந்தது. அதைத் துணியால் நன்றாகத் தேய்த்து எடுக்காமல் புது வாஷர் போட்டிருந்தால் மறுபடியும் சொட்டியிருக்கும். இப்போது லேசாகத் திருகினாலே நின்றுவிடுகிறது.