கலிபோர்னியாவில் நிரந்தர இயலாமைச் சதவீதம் குறைவாக வந்தால்: மேல்முறையீட்டுக்கான படிகள்

வேலையில் காயம்பட்டவர்களுக்கான கலிபோர்னியாவின் பணியாளர் இழப்பீட்டு முறையில் 10 சதவீத நிரந்தர இயலாமைக்கு 30.25 வாரங்களுக்கும், 20 சதவீதத்திற்கு 75.5 வாரங்களுக்கும் பணம் உண்டு. 2014 முதல் நேர்ந்த காயங்களுக்குரிய உச்சவரம்பான வாரத்திற்கு 290 டாலர் என்று வைத்துக்கொண்டால், முன்னது 8,772.50 டாலர், பின்னது 21,895 டாலர். ஆகவே சதவீதத்தைக் கேள்வி கேட்பது வீண்வேலை அன்று.

முதற்படி, கணக்கைச் சரிபார்ப்பது. 2013 முதலான காயங்களுக்கு, மருத்துவர் தரும் உடற்குறை எண்ணை 1.4ஆல் பெருக்கி (10 என்றால் 14), பிறகு தொழிலுக்கும் காயம்பட்ட நாளில் இருந்த வயதுக்கும் ஏற்பத் திருத்துவார்கள். கிடங்கில் மூட்டை தூக்கியவரை எழுத்தர் என்று குறித்திருந்தால், முதுகுக் காயத்தின் சதவீதம் அங்கேயே இறங்கிவிடும்.

அடுத்து, மருத்துவ அறிக்கையின் பங்கீட்டுப் பகுதியை, அதாவது இயலாமையில் வேலைக் காயத்தின் பங்கு எவ்வளவு, பிற காரணங்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கும் பகுதியை, வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலான சச்சரவு இங்கேதான். "பாதி இயலாமைக்கு வயதால் வந்த முதுகெலும்புத் தட்டுத் தேய்மானமே காரணம்" என்று ஒரே வரியில் எழுதினால் போதாது. அந்தத் தேய்மானம் இன்றைய இயலாமையை எப்படி, ஏன் உண்டாக்குகிறது என்பதை மருத்துவர் விளக்க வேண்டும் என்று 2005இல் எஸ்கோபெடோ வழக்கில் மாநிலத்தின் பணியாளர் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது.

வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாதவருக்கு அரசின் இயலாமை மதிப்பீட்டுப் பிரிவிடமிருந்து சுருக்க மதிப்பீடு (மருத்துவ அறிக்கையைக் கொண்டு கணக்கிட்ட சதவீதம்) வந்தால், அது கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். விண்ணப்பத்தை நிரப்ப, அரசின் தகவல் உதவி அலுவலர்கள் கட்டணமின்றி உதவுவார்கள்.

அதிலும் தீராவிட்டால் விசாரணை நீதிபதியிடம் செல்ல வேண்டும். மருத்துவரிடம் துணை அறிக்கை கேட்பதையும், தேவையானால் அவரை வாக்குமூலத்தில் குறுக்கு விசாரணை செய்வதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். விசாரணைப் பதிவில் இல்லாததை மேலே போய்ச் சேர்ப்பது மிகக் கடினம். என் பார்வையில், மேல்முறையீட்டின் பாதி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

நீதிபதியின் முடிவு பாதகமானால், அது சார்வு செய்யப்பட்ட (முறைப்படி உங்களுக்கு அனுப்பப்பட்ட) நாளிலிருந்து 20 நாட்களுக்குள் வாரியத்திடம் மறுபரிசீலனை மனு அளிக்க வேண்டும். கலிபோர்னியா முகவரிக்குத் தபாலில் அனுப்பப்பட்டிருந்தால் 5 நாட்கள் கூடும். கெடுவுக்குள் தபாலில் போட்டால் மட்டும் போதாது, மனு வாரியத்தைச் சென்றடைந்திருக்க வேண்டும். வலியை விவரிப்பதைவிட, எந்தச் சான்று எந்த முடிவைத் தாங்கவில்லை என்று சுட்டி, உண்மை என உறுதிமொழியிட்டுக் கையொப்பமிடுங்கள்.

வாரியமும் மறுத்தால், 45 நாட்களுக்குள் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்திடம் மறுஆய்வு நீதிப்பேராணை (வாரியத்தின் முடிவை ஆராயும்படியான நீதிமன்ற ஆணை) கோரலாம். அதை விசாரணைக்கு ஏற்பதும் ஏற்காததும் அந்த நீதிமன்றத்தின் விருப்பம்.