அலாஸ்காவில் ஒரு கோடை முழுக்க டூர் பஸ் ஓட்ட: முதல்முறை போகிறவர்களுக்கு

மே மாதத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் கடைசி வரை அலாஸ்காவில் ஸ்காக்வே என்ற சின்ன ஊரில் சுற்றுலா பஸ் ஓட்டிவிட்டு வந்தேன். அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். நாலு பெரிய கப்பல்கள் ஒன்றாக வந்து நிற்கும் நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் இறங்குவார்கள். அவர்களை வைட் பாஸ் கணவாய் வரை ஏற்றிப்போய்க் காட்டி, கப்பல் கிளம்புவதற்கு முன் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் வேலை. எப்படிப் போனாய், என்ன படித்தாய் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்களுக்குக் கார் நன்றாக ஓட்டத் தெரியும், அமெரிக்க லைசென்ஸ் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில் வேலை, அப்புறம் லைசென்ஸ்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சொந்தக் காசு போட்டு லாரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டு, பிறகு வேலை தேடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். லாரி ஓட்டித் தேர்வு எழுதினால் பயணிகளை ஏற்றும் அனுமதி கிடைக்காது. அதைப் பயணிகள் வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். அலாஸ்காவில் பல நிறுவனங்கள் வேலைக்கு எடுத்த பிறகு தாங்களே பயிற்சி தருகின்றன. என் சிபாரிசு அதுதான். எந்த பஸ்ஸை ஓட்டப் போகிறீர்களோ அதே மாதிரி பஸ்ஸில், அதே மலையில் பழகலாம். ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: சீசன் முடியும் முன் கிளம்பினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா? சில இடங்களில் கேட்பார்கள்.

விண்ணப்பிக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். தங்கும் இடம் உண்டா என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் கேளுங்கள். ஸ்காக்வேயில் கோடையில் வாடகைக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

காகித வேலை

ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ உட்காரும் வண்டி என்றால் வணிக ஓட்டுநர் உரிமம், அதாவது சிடிஎல் வேண்டும். பெரும்பாலும் பி வகுப்பு (பஸ் மாதிரியான பெரிய ஒற்றை வண்டிக்கானது), அதோடு பயணிகள் அனுமதி, அதோடு ஏர் பிரேக், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் பிரேக் உள்ள வண்டியை ஓட்டும் தகுதி. எழுத்துத் தேர்வு மூன்றும் உங்கள் சொந்த மாநிலத்தில். தேறினால் கற்போர் அனுமதி தருவார்கள். அது கைக்கு வந்து 14 நாள் ஆன பிறகுதான் ஓட்டுத் தேர்வு எழுத முடியும். இந்த 14 நாளைக் கணக்கில் எடுக்காமல் ஏப்ரல் கடைசியில் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு முதல் இரண்டு வாரமும் பஸ் கழுவுகிற வேலைதான் கிடைத்தது. மார்ச்சிலேயே அனுமதியை எடுத்துவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை இரண்டும் கட்டாயம். 2022 பிப்ரவரி முதல், புதிதாக எடுப்பவர்கள் அரசுப் பட்டியலில் இருக்கும் பயிற்சியாளரிடம்தான் பயில வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உங்களை எடுக்கும் நிறுவனம் அந்தப் பட்டியலில் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏர் பிரேக் சோதனை: இங்கேதான் நான் விழுந்தேன்

நான் ஒருமுறை தோற்றது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓட்டுத் தேர்வில் பஸ்ஸை நகர்த்துவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும். இதில் ஒரு தவறு செய்தால் அன்றைய தேர்வு அத்தோடு முடிந்தது.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். காரில் நாம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். பஸ்ஸின் பார்க்கிங் பிரேக் அப்படி இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது கெட்டியான ஒரு சுருள்வில். காற்றழுத்தம்தான் அந்த வில்லை அமுக்கிப் பிரேக்கை விடுவிக்கிறது. காற்று போனால் வில் விரிந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் பக்கத்தில் இதற்கென்று இருக்கும் மஞ்சள் குமிழை உள்ளே அழுத்தினால் பிரேக் விடும், வெளியே இழுத்தால் பிடிக்கும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் மனப்பாடம் இல்லாமலே வரும்.

சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். என்ஜினை ஓடவிட்டுக் காற்றழுத்தத்தை ஏற்றுங்கள். 120 முதல் 140 பிஎஸ்ஐக்குள் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஒரு இடத்தில் கம்ப்ரசர் தானாக நின்று, புஸ் என்ற சத்தம் வரும். இப்போது என்ஜினை அணையுங்கள். சாவியை மறுபடியும் 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள், என்ஜின் ஓடக் கூடாது. மஞ்சள் குமிழை உள்ளே அழுத்துங்கள். காற்றழுத்தமானியின் முள் அசையாமல் நின்றதும் காலால் பிரேக்கை நன்றாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.

அடுத்தது, பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். முள் 60 பக்கம் வரும்போது, 55-க்குக் கீழே போவதற்குள், எச்சரிக்கை விளக்கு எரிந்து மணி கத்த வேண்டும். நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருங்கள். 45-க்கும் 20-க்கும் நடுவில் மஞ்சள் குமிழ் தானாக வெளியே துள்ளும். அந்தச் சுருள்வில் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

சாவியை மறுபடியும் 'ஆன்' நிலைக்குத் திருப்பச் சொன்னேனே, அந்த ஒரு வரிதான் என்னைக் கவிழ்த்தது. நான் பழகிய பஸ்ஸில் என்ஜினை நிறுத்தத் தனிப் பொத்தான் இருந்தது, மின்சாரம் அணையாமலே இருக்கும். தேர்வுக்கு வந்த பஸ்ஸில் சாவி. பழக்கத்தில் அணைத்துவிட்டு அப்படியே மிதிக்க ஆரம்பித்தேன். 60, 50, 40 என்று முள் இறங்குகிறது, மணி கத்தவே இல்லை. மின்சாரம் இல்லாமல் எப்படிக் கத்தும்? குமிழ் துள்ளியதும் தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். அடுத்த தேதிக்கு ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் தினமும் காலையில் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். நீங்களும் வாய்விட்டுச் சொல்லியே பழகுங்கள். எப்படியும் தேர்வாளரிடம் சொல்லிக்கொண்டேதான் செய்ய வேண்டும்.

டயர் சோதனையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: முன் சக்கரங்களில் டயர் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 4/32 அங்குலம், மற்றவற்றில் 2/32. டிஜிட்டல் அளவுமானி வேண்டாம், குளிரில் பேட்டரி ஏமாற்றும். குச்சி மாதிரி இருக்கும் சாதாரண அளவுமானி சில டாலர்தான். சட்டைப் பையிலேயே கிடக்கட்டும்.

மலையிலிருந்து இறங்குவது

ஸ்காக்வே கடல்மட்டத்தில் இருக்கிறது. கிளாண்டைக் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 14 மைல் போனால் 3,292 அடி உயரத்தில் கணவாயின் உச்சி. ஏறுவது யாருக்கும் வந்துவிடும். ஐம்பது உயிரை வைத்துக்கொண்டு இறங்குவதுதான் இந்த வேலையே.

இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வழியில் வேகம் கூடிய பிறகு குறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ரிடார்டர், அதாவது கால் பிரேக் இல்லாமலே வேகத்தைக் குறைக்கும் கருவி, இருந்தால் போடுங்கள், வேகத்தைப் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் தேவைப்பட்டால்தான் கால் பிரேக். அதையும் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராதீர்கள், பிரேக் டிரம் சூடேறி ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. 35 மைல்தான் உங்கள் பாதுகாப்பான வேகம் என்றால், 35-ஐத் தொட்டதும் அழுத்தி மிதித்து 30-க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள். மூன்று விநாடி வேலை. மறுபடி 35 வந்தால் மறுபடி அதேபோல்.

மே மாதத்தில் மேலே பனி இருக்கும். வழுக்குகிற சாலையில் ரிடார்டரை அணைத்துவிடுங்கள். பின் சக்கரங்களை மட்டும் அது இழுத்துப் பிடிப்பதால் வண்டி சறுக்கும்.

ஊருக்குள் ரயில்பாதை குறுக்கிடும் இடங்களில், ரயில் வந்தாலும் வராவிட்டாலும் பஸ் நின்றுதான் போக வேண்டும். தண்டவாளத்திலிருந்து 15 அடிக்குக் குறையாமல், 50 அடிக்கு மிகாமல். ஜன்னலைத் திறந்து காதையும் கொடுங்கள்.

எல்லை

உச்சியைத் தாண்டியதும் கனடா. நாங்கள் எல்லையைக் கடந்து 'அலாஸ்கா வரவேற்கிறது' பலகை அருகே படம் எடுக்கவிட்டுத் திரும்புவோம். இறங்கும் வழியில் அமெரிக்கச் சுங்கச் சாவடியில் எல்லோருடைய ஆவணங்களையும் பார்ப்பார்கள். ஆகவே பாஸ்போர்ட்டைக் கப்பல் துறையிலேயே, பஸ்ஸில் ஏறும்போதே, கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "எல்லோரிடமும் இருக்கிறதா?" என்று மைக்கில் பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கப்பல் அறையிலேயே விட்டுவிட்டு வந்தவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்.

பேச்சு

ஓட்டிக்கொண்டே கதை சொல்ல வேண்டும். கையில் பிடிக்கும் மைக் வேண்டவே வேண்டாம், தலையில் மாட்டுவதைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் தரும் இருபது பக்கக் கட்டுரையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு செய்தி போதும். கடினமான வளைவுகளில் பேசாதீர்கள். நான் பேச்சை நிறுத்தியதும் பயணிகளும் வெளியே பார்ப்பார்கள், அருவி தெரியும், அதுவே போதும்.

எனக்குக் கைகொடுத்த கதைகள் இரண்டு. 1897–98-ல் கனடாவின் கிளாண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடி வந்தவர்களை, ஒரு வருடத்துக்கான சாமான், ஏறத்தாழ ஒரு டன் எடை, இல்லாமல் கனடாப் போலீஸ் உள்ளே விடவில்லை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே பாதையில் பல தடவை நடந்து சுமந்தார்கள். இந்தக் கணவாயில் மட்டும் மூவாயிரம் குதிரைகள் செத்தன என்பார்கள். அந்தப் பாதைக்கே செத்த குதிரைப் பாதை என்று பெயர். 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த ரயில்பாதை பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் தெரியும். ரயில் தெரிகிற நேரத்தில் குதிரைகளைப் பற்றிச் சொன்னால் பஸ்ஸே அமைதியாகிவிடும். எனக்கும் ஒவ்வொரு முறையும் தொண்டை கம்மும்.

பணமும் தூக்கமும்

மணிக்கூலி, அதற்கு மேல் டிப்ஸ். அலாஸ்காவில் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முடியாது, மாநில வருமான வரியும் கிடையாது. பலர் சீசன் முடிந்ததும் தரும் போனஸை நம்பிப் போகிறார்கள். கடைசி நாள் வரை நின்றால்தான் அது கிடைக்கும்.

ஜூனில் 18 மணி நேரத்துக்கு மேல் பகல். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், காலையில் ஐந்தரைக்கு பஸ்ஸைச் சோதிக்க வேண்டும். கனமான கறுப்புத் திரைச்சீலையை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். நான் கொண்டுபோன சாமான்களிலேயே அதிகம் உதவியது அதுதான்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வியை அனுப்பினார்கள்: வெளிநாட்டு மாணவர்கள் கோடையில் வேலை செய்ய வரும் ஜே-1 விசாவில் வந்து இந்த வேலை செய்யலாமா? முடியாது. அந்தத் திட்டத்தில் ஓட்டுநர் வேலைகளுக்கு அனுமதி இல்லை. அதே ஊரில் கடை, உணவகம், ஹோட்டல் வேலைகள் உண்டு.

கிரீன் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர் எல்லை தாண்டி ஓட்டலாமா என்று இன்னொருவர் கேட்டார். கனடா விசா வேண்டாம், ஆனால் காலாவதியாகாத பாஸ்போர்ட்டும் கார்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு பழையதாக இருந்தாலும் கனடா உள்ளே விடாமல் போகலாம், அதை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். எல்லை தாண்டாத ஊர்ச்சுற்று பஸ்களும் ஸ்காக்வேயில் ஓடுகின்றன, அதில் போடச் சொல்லிக் கேட்கலாம்.