சிலம்பு உடைந்தது, செய்யுள் எங்கே?

செய்யுளை நாடகமாகவும் பாட்டாகவும் ஓவியமாகவும் நடத்த ஆசைப்படும் புதிய தமிழாசிரியர்கள் பெரும்பாலும் பழைய குழிகளிலேயே விழுகிறார்கள். வகுப்பில் சத்தம், நேரப் பற்றாக்குறை போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை தானாகச் சரியாகாது.

மூலத்தை விட்டுவிட்டு நாடகம் போடுவது

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதை என்றாலே அட்டைக் கிரீடம், தலைவிரி கோலம், சினிமா வசனம். ஒத்திகைக்கே மூன்று பாடவேளை போய்விடும். 40 பேரில் நான்கு பேர் நடிக்க, மற்றவர்கள் கைதட்டுவார்கள். மறுநாள் 'அரி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சிலம்புக்குள் இருக்கும் பரல்தான் அரி. அரசி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். வழக்கே அதில்தானே இருக்கிறது!

இதைவிட எரிச்சலூட்டுவது, பாண்டியன் 'ஐயோ, தவறிவிட்டேனே!' என்று அலறுவது. எப்படி நடிப்பது என்பதை இளங்கோவடிகளே எழுதி வைத்திருக்கிறார்: 'தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்'. ஒரு குடையும் ஓர் அடிக்கோலும் போதும். அடுத்து 'யானோ அரசன் யானே கள்வன்'. 'யானோ'வின் ஓகாரம் எதிர்மறை (நான் அரசன் இல்லை), 'யானே'யின் ஏகாரம் தேற்றம், அதாவது உறுதி (நானேதான் கள்வன்). குரல் 'ஓ'வில் மேலே போய் 'ஏ'யில் கீழே இறங்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி கத்தினால் இலக்கணமும் போச்சு, நடிப்பும் போச்சு.

'தேமொழி உரைத்தது' தொடங்கி 'யானே கள்வன்' வரை எட்டு அடி. ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு, குழுவுக்கு ஓர் அடி. பத்து நிமிடத் தயாரிப்பு. ஒவ்வொரு குழுவும் அடியை மனப்பாடமாகச் சொல்லிச் சிலைபோல் உறைந்து நிற்கட்டும். 'எந்தச் சொல்லுக்காகக் கையை இப்படி வைத்தாய்?' என்று ஒருவரையாவது கேளுங்கள். 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' கிடைத்த குழு, மணி எங்கே பட்டது என்று தானே வரியைத் திரும்பிப் பார்க்கும்.

குறளுக்கு சினிமா மெட்டு

குறளின் இரண்டாம் அடியில் மூன்றே சீர். மெட்டு நான்காவதைக் கேட்கும். பிள்ளைகள் குறிலை நெடிலாக இழுப்பார்கள், பிறகு அலகிடும்போது (சீரை அசை பிரித்துப் பார்க்கும்போது) தளை தட்டும், அதாவது சீர்களுக்கு இடையிலான ஓசைக் கட்டு குலையும். முதலில் சீருக்கு ஒரு கைத்தட்டு, மெட்டு அப்புறம்.

செம்புலப் பெயனீருக்கு இதயப் படம்

செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் நெஞ்சங்கள் கலந்தன என்னும் குறுந்தொகை 40-க்கு இதயப் படம் வேண்டாம், வெள்ளைத் தட்டில் ஒரு பிடி செம்மண்ணும் கொஞ்சம் தண்ணீரும் போதும். நீர் சிவந்ததும் அதையே தூரிகையில் தொட்டு வரையட்டும்.

உடை அலங்காரத்துக்கு மதிப்பெண்

கூடாது.