ஆண் ஹார்மோன் பிரச்சினையா? டாக்டர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எப்போதும் சோர்வு, ஆசை குறைவு, விறைப்பில் சிக்கல். இதையெல்லாம் யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, கடைசியில் 'ஆண்மைக் குறைவுக்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் போடுகிறவரிடம் போய் நிற்கிறார்கள். முதல் தவறே இதுதான். ஹார்மோன் கோளாறுக்கென்று படித்தவர் எண்டோகிரைனாலஜிஸ்ட். விந்தணு, விரை, குழந்தையின்மை சம்பந்தப்பட்டது என்றால் ஆண்ட்ராலஜி (ஆண் இனப்பெருக்க மருத்துவம்) தெரிந்த யூராலஜிஸ்ட். ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்துப் போகாதீர்கள், ஏனென்றால் எண்டோகிரைனாலஜிஸ்டுகளில் பலருக்கு நாள் முழுக்கச் சர்க்கரையும் தைராய்டும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்கு டாக்டர் வழக்கமாகப் பார்ப்பாரா?" என்று கேட்டுவிடுங்கள், தப்பே இல்லை (டெஸ்டோஸ்டிரோன்தான் முக்கிய ஆண் ஹார்மோன்).

அடுத்தது, ஒரே ஒரு டெஸ்ட்டை நம்புவது. டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தபோது எடுத்த ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பது பலரும் பின்பற்றும் எல்லை, ஆனால் அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் குறைந்திருந்தால் அதை வைத்து மருந்து தொடங்குவதும் சரியில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு, ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்எச்பிஜி என்கிற புரதம் குறைவதால் மொத்த அளவு குறைவாகத் தெரியலாம். அப்போது எந்தப் புரதத்தோடும் ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்க வேண்டும்.

விஷயம் தெரிந்த டாக்டர் "ஏன் குறைந்தது?" என்றுதான் முதலில் தேடுவார். மூளையடியிலிருந்து விரைக்குக் கட்டளை அனுப்பும் ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் இரண்டுக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுப்பார். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்எச் ஏறியிருந்தால் கோளாறு விரையில். எல்எச்சும் ஏறாமல் கிடந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பக்கம் பார்க்க வேண்டும். அப்போது புரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனுக்கான டெஸ்ட் அவசியம், ஏனென்றால் அங்கே வளரும் சிறு கட்டிகூட இப்படித்தான் வெளிப்படும். தூக்கத்தில் மூச்சுத் தடை, மார்ஃபின் மாதிரியான ஓபியாய்டு வலி மருந்துகள், ஜிம்மில் போட்ட ஸ்டீராய்டு என்று காரணம் வேறு எங்காவதும் இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டதை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான்: குழந்தை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமலே டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தொடங்கிவிடுவது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை எல்எச், எஃப்எஸ்எச்சை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் பல மாதங்கள் ஆகலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவருக்கு குளோமிஃபீன், எச்சிஜி மாதிரி, விரையையே ஹார்மோன் சுரக்க வைக்கும் வேறு வழிகள் உண்டு. அதைப் பற்றிப் பேசாமலே ஊசி எழுதினால், அங்கேயே நிறுத்தி வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஊசி தொடங்கிய பிறகும் கவனிக்க வேண்டும். ரத்தம் கெட்டியாகிறதா என்று பார்க்க ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), நடுவயது தாண்டியவர்களுக்கு புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட், இவற்றை முதல் வருடத்தில் அடிக்கடி பார்ப்பார்கள். ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தியோ குறைத்தோ ஆக வேண்டும். 'மாதாமாதம் வந்து ஊசி போட்டுக்கொண்டு போங்கள்' என்பதோடு முடித்துக்கொள்கிறவரிடம் அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேளுங்கள்.

அப்புறம், டெஸ்ட் எதுவும் எடுக்காமலே "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், எந்த அறிகுறி எப்போது ஆரம்பித்தது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள்.