பிரெஞ்சில் வயது சொல்ல

இலங்கை மலையகத்தில் எல்ல, நானுஓயா பக்கம் பிரெஞ்சுப் பயணிகளோடு பேசுகிற தம்பி தங்கைகள் அடிக்கடி பிழை விடுவது வயதில்தான். ஆங்கிலப் பழக்கத்தில் "ஜ ஸுயி" (நான் இருக்கிறேன்) என்று தொடங்கக்கூடாது. "ஜே வேன்-தான்": எனக்கு இருபது ஆண்டு இருக்கிறது. நம்முடைய "எனக்கு" அதற்குக் கிட்ட நிற்கிறது, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டு என்கிற கடைசி "ஆன்" விடுபடவே கூடாது. தனியே "வேன்" என்கிற 20, "ஆன்" சேர்ந்ததும் "வேன்-தான்" ஆகும். "நஃப்" என்கிற 9, "நவான்" ஆகும்.

69 தாண்டினால்தான் திணறல். 70 என்பது 60+10, "ஸ்வஸான்த்-தீஸ்". 75 என்றால் 60+15. 80 நான்கு இருபது, "காத்ர-வேன்". 90 அதோடு பத்து. ஆகவே 11 முதல் 19 வரை முதலில் மனப்பாடமாகட்டும். தராசில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு கிலோவையும் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள்.

பெரியவர்களிடம் "வூ" (நீங்கள்), சிறுபிள்ளையிடமும் நெருங்கியவரிடமும் "தூ" (நீ).